நாற்காலி அம்மா

ஜனவரி 9

அன்புள்ள குட்டிக்கு,

நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? ஹோட்டல் லாண்டரியில் நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடாதே, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு என்று போன முறையே எழுதினேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அத்தானுக்குத்தான் இரண்டு மாதமாகத் தலைவலி.

போனில் சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டே பேர் இருக்கும் வீடுதான், ஆனாலும் சமையலறையில் இருமினால் படுக்கையறையில் கேட்கும். தன்னைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரிந்தால் சுருங்கிப் போவார். அதனால்தான் கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமாகப் பார்த்து, லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன வாரம் பஸ் ஓட்டிப் போனவர், இடது பக்கம் நின்றிருந்த ஒரு காய்கறி வேனை உரசிவிட்டார். வேனின் கதவே கழன்று விழுந்துவிட்டது. "வேனா? அங்க வேன் எதுவும் நிக்கலையே" என்றாராம். டிப்போ மேனேஜர் வாயை ஊதச் சொன்னார். ஒன்றும் இல்லை. "தூங்காம வண்டி எடுத்திருப்பே, கொஞ்ச நாள் வீட்ல இரு" என்று அனுப்பிவிட்டார்கள்.

பார்வைக் கோளாறாக இருக்கும் என்று எங்கள் கடைக்கே கூட்டி வந்தேன். போர்டில் இருந்த கடைசி வரி வரைக்கும் படித்தார். ஆனால் ஒவ்வொரு வரியிலும் இடது ஓரத்து எழுத்துகளை விட்டுவிட்டுப் படித்தார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு நல்லாத்தான் இருக்கும்மா. கண்ணுக்குப் பின்னாடி எங்கயோ கோளாறு. நரம்பு டாக்டரப் பாருங்க" என்றார்.

நேற்று ஷேவ் செய்துகொண்டு வந்து நின்றார். வலது கன்னம் வழவழவென்று இருந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஸ்டூல் கேட்டேன். மேற்பார்வை பார்க்கிற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில் வலி ஒரு நாள் ஓடியே போய்விட்டது. நீ சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது.

நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதே. வாய் ஊதினால் ஒன்றும் தெரியாத சமாச்சாரங்களும் இருக்கின்றன. மாத்திரை, கீத்திரை என்று. எங்கள் ஹோட்டலுக்கு வருகிற பெரிய மனிதர்களின் சட்டைப்பையில் நான் என்னென்னவோ பார்க்கிறேன். அத்தானின் அலமாரியை ஒரு தடவை பார்த்து வை. அப்படி ஏதாவது என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு, கட்டிலை இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாம்.

அப்படி இல்லையென்றால் இன்னும் பயமாக இருக்கிறது. நரம்பு டாக்டரைத் தள்ளிப்போடாதே.

உன் குட்டி


பிப்ரவரி 17

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்படியே. அலமாரியில் தலைவலித் தைலமும் பழைய பஸ் விசிலும்தான் இருந்தன.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் இடது கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்தது. அது விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். சின்னச் சின்னப் பக்கவாதங்களாம், சில பழையவை, சில புதியவை. "பிரஷர் உண்டா? சுகர்? சிகரெட்?" என்று கேட்டார்கள். எதுவும் இல்லை. இருதயத்தைப் பார்த்தார்கள், அது ஒழுங்காக இருக்கிறது. ரத்தத்தில் என்னென்னவோ தேடினார்கள், அதுவும் சுத்தம். "நாற்பத்தாறு வயசுல காரணமே இல்லாம ஏன் இப்படி?" என்று டாக்டர் என்னைக் கேட்கிறார். நான் யாரைக் கேட்பேன்?

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதில் வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருக்கின்றனவாம். இளம் டாக்டர் ஒருவர் சொன்னார்: "உள்ள ஏதோ சண்டை நடக்குதும்மா. யாரு யாரோட சண்டை போடறாங்கன்னுதான் தெரியல." ஒருவர் காசநோய்க் கிருமி என்கிறார். அதற்கான சோதனையில் ஒன்றும் வரவில்லை. இன்னொருவர் வேறொரு பெயர் சொன்னார், அடுத்த நாள் அவரே இல்லை என்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

அவர் இப்போது என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார். "வாங்க, உக்காருங்க" என்கிறார். பார்த்த நர்சுகளுக்கெல்லாம் பொறாமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஈரத் துண்டுகளுக்கு நடுவில் நின்று படித்தேன், ஓரம் எல்லாம் நனைந்துவிட்டது. அலமாரியைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடு. அத்தானிடம் சொல்லாதே.

பெண்டாட்டியை "வாங்க" என்று கூப்பிடும் புருஷனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டலாம். "ஏய், இங்க வா" என்று தெருவுக்கே கேட்கும்படி உன்னைக் கூப்பிடுகிறவர் ஆயிற்றே! ஆஸ்பத்திரிக்குப் போனால் மனிதர்கள் திருந்திவிடுவார்களோ என்னவோ.

சிரிப்பு இருக்கட்டும். கிருமியா இல்லையா என்று தெரிந்ததா? எனக்கு லீவு தர மாட்டேன் என்கிறார்கள், சீசன் முடியட்டுமாம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் குட்டி


மார்ச் 16

அன்புள்ள குட்டிக்கு,

நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுதினதாக வைத்துக்கொள்.

தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, மூளைக்குப் போகிற ரத்தக்குழாய்களுக்குள் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். பெரிய டாக்டரம்மா அந்தப் படத்தை என்னிடம் காட்டினார். குழாய்கள் அங்கங்கே இறுகி, அங்கங்கே உப்பி, பலூன்காரன் முறுக்கின நீள பலூன் மாதிரி இருந்தன. "மூளை ரத்தக்குழாயோட சுவர்ல வீக்கம்னு நினைக்கிறோம். உடம்போட காவல்காரங்களே தப்பா புரிஞ்சுக்கிட்டுச் சொந்த வீட்டை அடிக்கறாங்க" என்றார்.

"அப்போ மருந்து குடுங்க டாக்டர்" என்றேன்.

"அங்கதான் சிக்கல். அந்த மருந்து காவல்காரங்களையே கட்டிப்போடற மருந்து. ஒருவேளை இது கிருமியா இருந்தா, கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடும். ஆளே போயிடலாம். இதே மாதிரி படம் வேற சில வியாதியிலயும் வரும். அதனால மண்டை ஓட்டுல சின்னதா திறந்து, ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். அப்படி எடுக்கறதுலயும் ஆபத்து இருக்கு. எடுத்தாலும் சில சமயம் ஒண்ணும் தெரியாம போகும்."

செய்தாலும் ஆபத்து, செய்யாவிட்டாலும் ஆபத்து, செய்தும் தெரியாமல் போகலாம். அவருக்கு முடிவு சொல்லும் நிலை இல்லை. கையெழுத்து நான்தான் போட வேண்டும். கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அவர் எந்நேரமும் என்னைத்தான் கேட்கிறார். "என் பொண்டாட்டி எங்க, எப்ப வருவா" என்று. வார்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம்.

உன் அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கும் பகுதியை விட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். ஒரு விஷயம் புரியவில்லை. நீ கடைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறாய். அவர் கட்டில் பக்கத்தில்தானே இருக்கிறாய்? பிறகு எதற்கு "எப்ப வருவா" என்று கேட்கிறார்?

பழைய கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். "வாங்க, உக்காருங்க." அன்றைக்கு நான் அதை வைத்துச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

அக்கா, அவர் உன்னை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்?

உன் குட்டி


ஏப்ரல் 3

அன்புள்ள குட்டிக்கு,

கண்டுபிடித்துவிட்டாய். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன்.

பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே போனதும் கையைக் கூப்பி, "வாங்கம்மா" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாட்டில்லை. டாக்டரம்மாவிடம், நர்சிடம், தரை துடைப்பவரிடம் எல்லாம் சரியாகத்தான் பேசுகிறார். என்னை மட்டும் தெரியவில்லை. எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் எனக்கு "நாற்காலி அம்மா" என்று பேர் வைத்திருக்கிறார்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "உங்க பொண்டாட்டி எப்படி இருப்பாங்க?"

"உங்கள மாதிரியே இருப்பா. குரல்கூட இதேதான். ஆனா அவ வேற."

"எப்படிச் சொல்றீங்க?"

"பதினெட்டு வருஷம் கூடவே இருந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார்.

எங்கள் இருவர் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஆமா, இவதான். இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார், நான் திருடிக்கொண்டு போய்விடுவேன் என்பது போல. மூளையில் முகத்தைப் பார்க்கும் இடம் நன்றாக இருக்கிறதாம். பார்த்ததும் "இது என்னோடது" என்று மனசு சொல்லுமே, அதற்குப் போகும் ஒயர்தான் அறுந்திருக்கிறதாம். டாக்டரம்மா சொன்னார். ஒயர் என்று கேட்கும்போது புரிகிறது. வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றால் புரியவில்லை. குட்டி, ஒரு மனிதருக்கு என்னை அவ்வளவு பிடிக்கிறது, ஆனால் என்னைத் தெரியவில்லை. நான் சந்தோஷப்பட வேண்டுமா, அழ வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்டையைத் திறப்பது பற்றி டாக்டர்கள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்திருக்கிறது. நேற்று மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"நாற்காலி அம்மா, எனக்கு ஒரு உதவி செய்யணும். என் பொண்டாட்டி வந்தா இவங்க கையெழுத்து கேப்பாங்க. அவ பயப்பட மாட்டா, போட்டுடுவா. போட விடாதீங்க."

"ஏன்?"

"ஏதாவது எசகுபிசகா ஆயிடுச்சுன்னா நான் கட்டைமாதிரி கிடப்பேன். அவ என்னைத் தூக்கிப் போட்டுட்டுப் போற ஆளு இல்ல. ஆயுசு பூரா என்னையே கழுவிக்கிட்டு உக்காந்திருப்பா. இப்படியே போனா சீக்கிரம் முடிஞ்சிடும், அவளுக்கு அதுதான் நல்லது. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

கையை நீட்டினார். நான் என் கையை வைத்தேன்.

வைத்துவிட்டு நேராக டாக்டரம்மா அறைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். சத்தியம் பண்ணினது நாற்காலி அம்மா, கையெழுத்துப் போட்டது பெண்டாட்டி என்று மாடிப்படி இறங்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபரேஷன்.

உன் அக்கா


ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டாதே. எழுத உட்கார்ந்தால் "அத்தான் எப்படி இருக்கிறார்" என்ற வரிக்கு மேல் கை போகவில்லை. அந்த வரிக்கு உன்னிடமிருந்து என்ன பதில் வருமோ என்று பயம். தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போனால் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு என்னையே அறைய வேண்டும்.

எனக்கு டாக்டரம்மா மாதிரி விளக்கத் தெரியாது. ஆனால் உன்னை யாரோ என்று நினைத்துக்கொண்டும் அந்த மனிதர் உனக்காகத்தானே பேசியிருக்கிறார். நீ செய்தது சரி. தப்பாகப் போயிருந்தாலும் சரி. இதை உரக்கப் படித்துக்கொள்.

ஒரு வார்த்தையாவது எழுது. என்ன வார்த்தையாக இருந்தாலும் படிக்கிறேன்.

உன் குட்டி


மே 14

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே இருவரும் உயிரோடு, ஓரளவு நலத்தோடு இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாயாக.

துணுக்கில் விடை கிடைத்தது. ரத்தக்குழாய்ச் சுவர்தான் வீங்கியிருக்கிறது. கிருமி எதுவும் இல்லை. டாக்டரம்மா வந்து சொன்னபோது நான், "அப்போ நல்ல செய்தியா?" என்று கேட்டேன். "பேர் தெரிஞ்ச எதிரி, அவ்வளவுதான்" என்றார்.

அன்றே ஸ்டீராய்டு மருந்தை ஊசிவழியாக நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார்கள். சில நாள் அது, அப்புறம் அதையே மாத்திரையாக. மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு கடுமையான மருந்து, புற்றுநோய்க்குக் கொடுப்பார்களாமே, அது. ஏற்றிய நாள் முழுக்க வாந்தி. ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காய் மாதிரி உப்பிவிட்டது. இல்லாத சர்க்கரை வந்துவிட்டது. தூக்கமே இல்லை, ஓயாத பசி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். ஒரு நாள் தட்டை வீசியடித்தார். இது வியாதியா, மருந்தா, அவரேதானா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டால், "மூணும்தான்" என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலை நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் கோபம்.

"ஏய், எங்க போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா? உன்னைப் பத்தி நான் கேக்காத ஆளில்ல. ஒரு எட்டு வந்து பாக்க முடியல, இல்ல?"

ஜாடி என் கையிலிருந்து நழுவிவிட்டது. தரையெல்லாம் தண்ணீர். அவர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்து, "இன்னும் திட்டுங்க, இன்னும் திட்டுங்க" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் எனக்குத்தான் வைத்தியம் தேவை என்று நினைத்து நர்சைக் கூப்பிட்டுவிட்டார்.

அவருக்கு நான் வராமல் போனவள். அந்தக் குற்றச்சாட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலமோ நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுத அழுகையில் ஒரு விருந்தாளியின் சட்டையைக் கருக்கிவிட்டேன். மேற்பார்வை அம்மாளிடம், "எங்க அத்தான் எங்க அக்காவைத் திட்டிட்டார்" என்று சொன்னேன். "அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்று கேட்டாள். அவளுக்கு எங்கிருந்து விளக்குவது?

அவரிடம் எதையும் சொல்லாதே அக்கா. உன்னையே மறந்திருந்தார் என்று தெரிந்தால் நொறுங்கிப் போவார். ஆபரேஷன் பேச்சையும் எடுக்காதே. ஏதாவது கேட்டால், அந்த அம்மா வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று சொல்லிவிடு.

உன் குட்டி


செப்டம்பர் 19

அன்புள்ள குட்டிக்கு,

நான்கு மாதமாக எழுதவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். முதுகுவலிக்கு நடுவில் அதையும் சுமக்காதே.

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாதாமாதம் அந்தக் கடுமையான மருந்தை ஏற்றிக்கொள்ளப் போகிறோம், சோதனைக்கு ரத்தம் கொடுக்கிறோம், ஸ்கேனுக்கு நிற்கிறோம். புதிய புள்ளிகள் வரவில்லை. வண்டி மட்டும் இனி ஓட்டக்கூடாது. பஸ்ஸில் பயணிகள் விட்டுவிட்டுப் போகும் சாமான்களை வைக்கிற அறையில் டிப்போக்காரர்கள் வேலை கொடுத்திருக்கிறார்கள். குடையைத் தேடி வருகிறவர்களிடம், "என்ன கலர், கைப்பிடி எப்படி" என்று போலீஸ்காரர் மாதிரி விசாரிக்கிறாராம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். இடது கைக்குப் பழக்கம் வர அது நல்லது. ஒரு தலையணை உறையை மடித்தபடியே கேட்டார்.

"ஆஸ்பத்திரியில என்கூட ஒரு அம்மா இருந்தாங்களே, நாற்காலியிலயே உக்காந்திருப்பாங்க. அவங்க எங்க இருக்காங்கன்னு விசாரிக்க முடியுமா?"

"எதுக்கு?"

"ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம்னுதான். பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டாங்க. ஒரு வார்த்தை நன்றி சொல்லல நான். நீ அப்ப அங்க இல்ல. இருந்திருந்தா உனக்கும் அவங்கள ரொம்பப் பிடிச்சிருக்கும்."

நீ சொல்லிக்கொடுத்த பதில் வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அந்த மாதங்களில் நான் அங்கே இல்லவே இல்லை என்று ஆகிவிடும். அவர் சாகும்வரை அவளுக்கு நன்றியோடு இருப்பார், நான் வராதவளாகவே இருப்பேன். என் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது குட்டி, இப்படி ஒன்றை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

"அது நான்தாங்க" என்றேன்.

என்னை நேராகப் பார்த்தார். பிறகு பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தபடி தலையை இடது பக்கம் திருப்பி, விட்டுப்போன பாதியையும் பார்த்தார்.  

"அப்போ அவங்ககிட்ட நான் சொன்னதெல்லாம்..."

"எங்கிட்டதான் சொன்னீங்க."

"கையெழுத்து விஷயமும்?"

"அதுவும்."

"சத்தியம் பண்ணினாங்களே."

"பண்ணினேன். பண்ணிட்டுப் போய்ப் போட்டுட்டேன்."

மடித்த உறையைப் பிரித்தார், மறுபடி மடித்தார். "நல்லவேளை. நீ என்னைக்கு என் பேச்சக் கேட்டிருக்கே" என்றார். சொல்லிவிட்டு அந்த உறையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்தேன்.

அடுத்த மாதம் மாத்திரையைக் குறைக்கப் போகிறார்கள். குறைக்கும்போது வியாதி திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டரம்மா. எது என்று யாருக்கும் தெரியாது. காலையில் அவர் கண் விழிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்று கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்துப் புருவத்தைச் சுளித்தார். எனக்கு உயிரே இல்லை.

"ஜன்னலச் சாத்தித் தொலை, கண்ணு கூசுது" என்றார்.

சாத்தினேன்.

உன் அக்கா